மரகதம் அனுப்பிய கண் படங்கள்

காலையில் போனைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது என்று இளம் கால்நடை மருத்துவர்களான உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் சொன்னார். நாய் தும்மினால் ஒரு வீடியோ, காதைச் சொறிந்தால் ஒரு வீடியோ, கண்ணில் பீளை கட்டினால் நாலு பக்கத்திலிருந்தும் படம். "இதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டே இருந்தா நான் எப்பங்க மேடம் வைத்தியம் பாக்கறது?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தேன். அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் அது ஒரு டீ நேரத்துக்குள் அடங்குகிற பதில் இல்லை. அதில் ஒரு அம்மா வருகிறார், அவருடைய கொழுந்தனார் வருகிறார், கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிளினிக்கை ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கிற எனக்கு இப்போதெல்லாம் காலையில் போனில் வருகிறவை ரோஜாப்பூவும் வணக்கமும்தான். பீளை கட்டிய நாய்க் கண் ஒன்று வராதா என்று சில நாள் ஏக்கமாகவே இருக்கிறது. உங்களுக்கும் ஒருநாள் அந்த ஏக்கம் வரும்.

கோயம்புத்தூரில் சத்தி ரோட்டில் கணபதிப் பக்கம் என் கிளினிக் இருந்தபோது, கோபிக்கு அந்தப்புறம் ஒரு வாழைத்தோட்டத்திலிருந்து மரகதம் என்ற அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். மகளுக்குப் பெங்களூரில் வேலை. மகள் ஆசைப்பட்டு வாங்கிய கிரேட் டேன் குட்டி, அடுக்குமாடி வீட்டில் கால் நீட்ட இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டதால் அம்மாவிடம் வந்து சேர்ந்திருந்தது. அதற்குச் சான்றிதழில் நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது.

"அந்தப் பேரு வாயில நொழைய மாட்டேங்குதுங்க டாக்டரம்மா. மணின்னு கூப்புட்டேன், வாலாட்டுச்சு. அதையே வெச்சுப்போட்டேன்" என்றார்.

மணி மேசைமேல் ஏற வேண்டிய தேவையே இருக்கவில்லை. நின்றபடியே என் முகத்துக்கு நேராக முகத்தை நீட்டியது. இரண்டு கண்களின் உள்முனையிலும் சாம்பல் நிறத்தில் கொழகொழப்பாகப் பீளை. அதற்காகத்தான் வந்திருந்தார்கள். கீழ் இமை தளர்ந்து தொங்குகிற பெரிய சாதி நாய்களின் கதை உங்களுக்குத் தெரியும். தொங்குகிற இமையில் தோட்டத்துப் புழுதி தேங்கும், கண் அதைக் கழுவி ஓரத்தில் ஒதுக்கும், விடிந்ததும் பீளையாக நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

"அப்ப இது சீக்கு இல்லீங்களா?"

"சீக்கு இல்லீங்கம்மா. மூஞ்சியோட அமைப்பே அப்படி. கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணியில சுத்தமான பஞ்ச நனைச்சுத் தொடைச்சு விடுங்க, போதும். பீளை பச்சையாவோ மஞ்சளாவோ மாறுனா, கண்ணச் சுருக்குனா, காலால மூஞ்சியத் தேச்சுக்கிட்டே இருந்தா உடனே சொல்லுங்க. சந்தேகமா இருந்தா ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

கடைசி வாக்கியத்தை நான் எல்லாரிடமும் சொல்வதுதான். மரகதம் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து காலையில் பால் கறந்து முடிகிற நேரத்துக்கு மணியின் கண்கள் என் போனுக்கு வரத் தொடங்கின. முதலில் இடது கண், பிறகு வலது கண். என் கிளினிக்கில் ஊசி மருந்து எடுத்துக் கொடுத்து எனக்குக் கையாக இருந்த ஸ்டெல்லா, "மேடம், கோபிக் கண்ணு வந்துருச்சு" என்று அறிவிப்பாள்.

கண்ணோடு நிற்கவில்லை. முழங்கையில் தோல் காய்த்துப்போயிருக்கிறதே என்று கேட்டார். பெரிய நாய் வெறும் தரையில் படுத்தால் காய்க்கும், சாக்கு விரியுங்கள் என்றேன். வாலின் நுனியில் ரத்தம் என்று பதறினார். சந்தோஷத்தில் வாலைச் சுவரில் அடித்துக்கொண்ட காயம். எச்சில் ஒழுகுகிறது, அதிகமாகத் தூங்குகிறது, எழுந்திருக்கும்போது முனகுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் ஒன்றுமில்லை என்று சொன்னால் உடனே போனை வைக்கமாட்டார். "நெசமா ஒண்ணும் இல்லீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வருகிறவர் வேலுச்சாமி. மரகதத்தின் கணவருக்குத் தம்பி, பக்கத்துத் தோட்டக்காரர். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். காத்திருக்கும் அறையில் மற்றவர்கள் கேட்கும்படியாகவே சொல்வார்: "நாய்க்குப் பீளை கட்டுச்சுன்னு கோபியில இருந்து கோயமுத்தூருக்கு வண்டி ஓட்டிட்டு வந்த ஆளு இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தானுங்க இருப்பேன். எங்க அண்ணிக்கு எதப் பாத்தாலும் பயம்." எல்லாரும் சிரிப்பார்கள். மரகதம் மணியின் கழுத்தைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலை வந்த படத்தில் வலது கண் வழக்கம்போல இருந்தது. இடது கண் பாதி மூடியிருந்தது, கன்னத்து முடி ஈரமாக இருந்தது. பீளை என்று பார்த்தால் முந்தின நாளைவிடக் குறைவுதான். உடனே போன் செய்து அன்றைக்கே கூட்டிவரச் சொன்னேன். உள்ளிமைக்குப் பின்னால் ஒரு காய்ந்த புல்லின் கூர்முனை சிக்கி, கருவிழியைக் கீறியிருந்தது. எடுத்துவிட்டேன். மரகதத்தின் கைப்பையில் பிரிக்காத சொட்டு மருந்து ஒன்று இருந்தது. வழியில் மருந்துக்கடையில் கொடுத்ததாம். வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு கலந்தது. அந்தக் கீறலின்மேல் அதை ஊற்றியிருந்தால் புண் ஆறாமல் கண்ணே போயிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஊர்ல ஆளுக்கொண்ணு சொன்னாங்க. நந்தியாவட்டைப் பூவு வெய்யின்னாங்க, தாய்ப்பால் உடுன்னாங்க. உங்களக் கேக்காம ஒண்ணும் ஊத்தறதில்லீங்க" என்றார் மரகதம்.

கண் முழுவதுமாக ஆறியது. அந்தக் கண்ணின் சாதாரணக் காலைகளை அத்தனை நாள் பார்த்திருந்ததால்தான், அது சாதாரணமாக இல்லாத காலையை ஒரே பார்வையில் என்னால் கண்டுகொள்ள முடிந்தது. அந்த அம்மா அதுவரை அனுப்பிய ஒரு படமும் வீணாகப் போயிருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு நாளைப் பற்றி.

அன்று முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை வேறு. மதியம் கிளினிக்கில் கூட்டம். உண்ணிக் காய்ச்சல் வந்த லேப்ரடாருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மரகதத்திடமிருந்து படம் வரவில்லை, போன் வந்தது. குரல் ஒருமாதிரி தணிந்திருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, மணி சோறு தின்னுபோட்டு நல்லாத்தான் இருந்தானுங்க. இப்ப சித்த நேரமா நெலகொள்ள மாட்டேங்கறான். வாந்தி வர்றாப்புல கொமட்டறான், நொரை மட்டும் வருது, வேற ஒண்ணும் வர மாட்டேங்குது. திரும்பித் திரும்பி வயித்தயே பாக்கறானுங்க."

"வயிறு எப்படீங்கம்மா இருக்குது?"

"உப்பியிருக்குதுங்க."

"போனை வயித்துக்கிட்ட வெச்சு, இன்னொரு கையில தட்டுங்க."

தட்டினார். கிளினிக் இரைச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. மாட்டுப்பொங்கலுக்குத் தட்டுகிற தப்பட்டை மாதிரி இருந்தது. பின்னாலேயே வேலுச்சாமியின் குரல்: "வெறும் வாயு அண்ணி. பெருங்காயத்தக் கரைச்சு ரெண்டு டம்ளர் மோரு ஊத்துனா ஏப்பம் உட்டுட்டு எந்திரிச்சுருவான்."

மரகதம் மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் வாயுன்னு சொல்றாங்க டாக்டரம்மா. நான் நம்பலீங்க."

வாயு என்று அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு அந்த வாயு வந்தால், இரைப்பை தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு. முறுக்கிக்கொண்டால் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். அவர்கள் ஊரில் இருந்த கால்நடை மருத்துவருக்கு அன்று சொந்தத்தில் கல்யாணம், வெளியூரில் இருந்தார். அவர்கள் கோயம்புத்தூர் வந்து சேரும்வரை மணி தாங்குவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு குரலும் தட்டிய சத்தமும் மட்டும். வெளியே காத்திருப்பவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, தினமும் எதற்காவது பயந்துகொண்டிருக்கிற ஒருவர் சொன்னதை நம்பிக் கிளம்புவதா? என் மனதில் ஓடியது வேறு. எதற்கெடுத்தாலும் கூப்பிடுகிறவர் என்பதே அவரை நம்பக் காரணமாகத் தோன்றியது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த நாயை அவரைப்போலப் பார்த்தவர் யாருமில்லை. இத்தனை நாளில் யார் சொன்னதையும் ஒருமுறைகூட மறுத்துப் பேசாதவர் இன்றைக்கு 'நம்பல' என்கிறார்.

"வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாதீங்க. மணிய வண்டியில ஏத்திச் சத்தி வழியாக் கெளம்புங்க. நான் இங்கிருந்து எதுக்க வாரேன்" என்றேன்.

ஸ்டெல்லா நான் கேட்பதற்கு முன்பே பையைக் கட்டிவிட்டாள். என்னோடு வேலை பார்த்த இளைய டாக்டரிடம் கூட்டத்தை ஒப்படைத்து, அறுவை சிகிச்சைக்கு எல்லாம் தயாராக வைக்கச் சொன்னேன். காத்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "போயிட்டு வாங்க டாக்டர், நாங்க இருக்கறோம்" என்றார் லேப்ரடார்க்காரர்.

அன்னூர் தாண்டிப் புளியம்பட்டிக்குச் சற்று முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் இரண்டு கார்களும் சந்தித்தன. பின்சீட்டை மடக்கிப் போட்டு மணியைப் படுக்க வைத்திருந்தார்கள். தலையை மடியில் வைத்துக்கொண்டு மரகதம் உட்கார்ந்திருந்தார். ஈறுகள் வெளுத்திருந்தன. நாடி நூல்போல ஓடியது. வேலுச்சாமி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

வயிறு அதிகம் உப்பியிருந்த இடத்தில் முடியை மழித்து, மருந்து தடவி, தடித்த ஊசியைச் செலுத்தினேன். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. புளித்த நாற்றத்தில் பங்க் ஊழியர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் விலகிப் போகவில்லை. மணியின் கண் திரும்பி மரகதத்தைத் தேடியது. வால் ஒருமுறை அசைந்தது.

"நல்லாயிட்டானுங்களா?" என்று வேலுச்சாமி கேட்டார்.

"இல்லீங்க. நேரம் கெடைச்சிருக்குது, அவ்வளவுதான். வண்டிய எடுங்க."

அவர் எடுத்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

திறந்து பார்த்தபோது இரைப்பை முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. நல்லவேளையாக இன்னும் கறுக்கவில்லை. நேராக்கி, இனி புரளாதபடி வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தோம். வெளியே வந்து, "இனி அவன் கண்ணத் தொறக்கணுமுங்க. காத்திருக்கலாம்" என்றேன். சாயங்காலம் ஆகியிருந்தது. கூட்டம் போய்விட்டிருந்தது. ஸ்டெல்லா மூன்று பேருக்கும் காப்பி வாங்கி வந்தாள். மரகதம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு நான் எதுவும் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தானுங்க. நெஞ்சு எரியுதுன்னாரு. கல்யாணத்துல சாப்பிட்டது சேரல, வாயுன்னாங்க. சோடா வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. நானும் சீரகத்தண்ணி வெச்சுக் குடுத்தேன். ஒரு ஏப்பம் வந்தாச் செரியாப் போயிருமுங்கன்னு நாந்தான் சொன்னேன். குடிச்சுப்போட்டு, இப்பத் தேவல மரகதம்ன்னாரு. படுத்தவரு எந்திரிக்கலீங்க."

சுவரோரம் நின்றிருந்த வேலுச்சாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோடா வாங்கிட்டு வந்தது தம்பிதானுங்க" என்றார் மரகதம், அவர் பக்கம் திரும்பாமலே. "அவர்மேல ஒரு குத்தமும் இல்லீங்க. ஊர்ல எல்லாரும் அதத்தான செய்வாங்க. நானுந்தான செஞ்சேன்."

வேலுச்சாமி டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். காருக்குப் பக்கத்தில் நின்று, கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் காத்திருக்கும் அறையில் அவர் சத்தமாகச் சிரிக்க வைத்ததெல்லாம் எதற்காக என்று அப்போது எனக்குப் புரிந்தது. அண்ணி ஒவ்வொரு முறை பயப்படும்போதும் அவருக்கு அந்த சோடா நினைவுக்கு வந்திருக்கும்.

மரகதத்தின் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிருந்தது. அதை வாங்கிக்கொண்டு என்னுடையதைக் கொடுத்தேன். அவர் குடித்தார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டாள். மணி தலையைத் தூக்கியிருந்தான்.

அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு மரகதம் ஒரு காரியம் செய்தார். கோபியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். "அன்னைக்குத் தம்பி ஊட்டுல இல்லாமப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேனுங்க? பஸ்ஸுல ஏத்துவாங்களா அவன?" என்று என்னிடம் கேட்டார். வேலுச்சாமி, இந்த வயதில் எதற்கு என்று முதலில் தடுத்துப் பார்த்தாராம். பிறகு அவரே தோட்டத்துப் பாதையில் பக்கத்தில் உட்கார்ந்து கியர் மாற்றக் காட்டிக்கொடுத்தார். அடுத்த தடுப்பூசிக்கு மரகதமே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்சீட்டு முழுக்க மணி. ஜன்னல் வழியே வெளியே நீண்டிருந்த அந்தத் தலையைப் பார்த்து கணபதி சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் போனை எடுத்தார்கள் என்று ஸ்டெல்லா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு மழைக்காலத்தில் மரகதத்திடமிருந்து போன் வந்தது. மணிக்கு என்ன என்றுதான் எடுத்தேன்.

"மணி நல்லாருக்கானுங்க. நான் ஆஸ்பத்திரியில இருக்கறேன். தம்பிக்குத்தானுங்க" என்றார். தேங்காய் பறித்துப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் வேலுச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றுமில்லை, வாயு என்று அவரே சொல்லியிருக்கிறார். வேலைக்காரர்களில் ஒருவர் சோடா வாங்க ஓடியிருக்கிறார்.

"நான் பேச்சே குடுக்கலீங்க. வண்டிச் சாவிய எடுத்துட்டு வந்து, ஏறுங்க தம்பின்னேன். எதுக்கு அண்ணி, எதுக்கு அண்ணின்னாரு. பாதி வழியில பேச்சு நின்னுபோச்சு. நான் வண்டிய நிறுத்தல."

"இப்ப எப்படியிருக்காருங்க?"

"எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. சித்த லேட்டாயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லோணும்ன்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்லீங்க." அந்த முனையில் அழுவது கேட்டது.

உங்களுக்கு நான் விதி எதுவும் சொல்லப்போவதில்லை. வருகிற படங்களில் பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இருக்காது. பீளையாகத்தான் இருக்கும். ஆனால் அதை அனுப்புகிறவர் எதை இழந்துவிட்டு அனுப்புகிறார் என்பது படத்தில் தெரியாது. "ஒன்றுமில்லை" என்பது நமக்கு ஒரு நாளில் பலமுறை சொல்கிற வார்த்தை. அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் சிலர் வீட்டில் ஒருவர் படுத்து எழாமல் போயிருக்கிறார். அதனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

நான் கிளினிக்கை ஒப்படைப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு காலையில் வேலுச்சாமி வந்தார். மெலிந்திருந்தார், நிதானமாக நடந்தார். மரகதம் மகளைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தாராம். பின்னால் மணி, மூஞ்சியெல்லாம் நரைத்து, அவருடைய நடைக்கு ஏற்றபடி மெதுவாக வந்தான். வேலுச்சாமி காத்திருக்கும் அறையில் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. முறை வந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நேத்துல இருந்து ஒரு பக்கமாவே படுக்கறானுங்க டாக்டரம்மா. சோறு தின்னான், தண்ணி குடிச்சான். ஒண்ணும் இருக்காதுன்னுதான் நெனைக்கறேன்." மணியை என் பக்கம் திருப்பி நிறுத்தினார். "இருந்தாலும் ஒருக்காப் பாத்துப்போடுங்க."

பார்த்தேன். கண், ஈறு, வயிறு, மூட்டுகள், இதயம். வயதான பெரிய நாய், ஒரு பக்கம் இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். வேறு ஒன்றுமில்லை. அதைச் சொன்னேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. மணியின் தலையில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றார்.

நான் ஸ்டெதாஸ்கோப்பை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டேன்.